எண்பத்தைந்து நாள் பூ

முத்தியால்பேட்டையில் அஞ்சலாட்சி தன் வீட்டுக் கொல்லையில் நட்ட காலிஃபிளவர் முத்துவதற்குப் பத்து வருஷமும் நாலு மாதமும் பிடித்தது. விதைப் பாக்கெட்டின் பின்புறம் எண்பத்தைந்து நாள் என்று அச்சடித்திருந்தது. பாக்கெட் அச்சடித்தவனுக்கு அஞ்சலாட்சியைத் தெரியாது, அவ்வளவுதான் என்று அந்தத் தெருவில் சொல்வார்கள்.

அந்த வீட்டுக்கு அவள் குடிவந்தபோது கொல்லையில் மண்ணே கிடையாது. யாரோ எப்போதோ இடித்த சுவரின் செங்கல் தூளும் சுண்ணாம்புக் காரையும் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. அதில் எருக்கு முளைக்கக்கூட யோசித்தது. தாலி கட்டினவன் வேலை தேடிக் கடலூருக்குப் போய், அங்கே வேறொரு குடும்பத்துக்கு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டிருந்தான். அஞ்சலாட்சி பஞ்சாலையில் அறுந்த இழையை முடிச்சுப் போட்டு மறுபடி ஓடவிடும் வேலையில் இருந்தாள். ஆலை வளாகத்தில் வேப்பமரங்களின் அடியில் மண் கறுப்பாக, கையில் எடுத்தால் உதிர்கிற பதத்தில் கிடந்தது. மதியச் சோறு தின்று கழுவிய தூக்குவாளியில் அந்த மண்ணை ஒரு வாளி அள்ளி மூடி, சாயங்காலச் சங்கு ஊதியதும் வீட்டுக்கு எடுத்து வந்தாள். நூல் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள ஆலை வாசலில் எல்லோருடைய பாத்திரத்தையும் திறந்து பார்ப்பார்கள். அம்மாவாசை என்ற காவல்காரன் முதல் நாள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

"இன்னா இது?"

"மண்ணு."

"எதுக்கு?"

"கொழம்பு வைக்க."

நூலைக் கொண்டுபோகக் கூடாது என்று விதி இருந்தது. மண்ணைப் பற்றி எங்கும் எழுதியிருக்கவில்லை. அம்மாவாசை மூடியைப் போட்டுக் கொடுத்தான். அதற்குப் பிறகு பதினோரு வருஷம், வேலை நாளுக்கு ஒரு வாளி என்று அந்த மண் ஆலையிலிருந்து கொல்லைக்கு வந்துகொண்டே இருந்தது. ஆலைக் கதவில் மூடல் அறிவிப்பை ஒட்டிய அன்று மற்றவர்கள் வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். அஞ்சலாட்சி அன்றைக்கும் ஒரு வாளி அள்ளிக்கொண்டு, மேசையில் கிடந்த ஒரு கோன் நூலையும் முதல் முறையாக இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அம்மாவாசை அன்று வாளியை மட்டும் திறந்து பார்த்தான். அப்போது கொல்லையில் எட்டடிக்கு ஆறடி அகலத்தில் முழங்கை ஆழத்துக்கு மண் சேர்ந்திருந்தது. அதில் கத்திரி, வெண்டை, அவரை எல்லாம் வந்தன.

அதற்குப் பிறகு அவள் ஒரு பேக்கரியில் ரொட்டித் தட்டு கழுவப் போனாள். பேசுவது முன்பே குறைவு, இப்போது இன்னும் குறைந்தது. விடியலில் செடிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அடுத்த வீட்டுத் தையல்காரி தீபலட்சுமி, "அக்கா, செடி எதனா சொல்லுச்சா?" என்று சுவர் மேலாகக் கேட்டால், "உன்னப் பத்திதான் பேசிக்கினு இருந்தோம்" என்பாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் என்ன யோசித்தாள் என்பதைத் தெருவில் யாரும் அறியவில்லை. பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் யோசித்தாள். பிறந்த வீட்டில் போ என்றார்கள், போனாள். புருஷன் வீட்டில் போ என்றார்கள், போனாள். ஆலையில் போ என்று காகிதத்தில் எழுதி ஒட்டினார்கள், அதற்கும் போனாள். போ என்ற சொல்லுக்கு ஒரு முறையாவது வேறு பதில் சொல்லிப் பார்த்திருக்கலாமே என்பதுதான் அது.

அந்த வாய்ப்பு ஓர் ஐப்பசி கடைசியில் வந்தது. வீட்டுக்காரர் கோவிந்தராசு அரியாங்குப்பத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கினார். பாகூர்ப் பக்கம் நெல் விளைவித்த குடும்பம் அவருடையது. நிலத்தை விற்றுப் பல வருஷம் ஆகியும் மழை வந்தால் முதலில் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பார். பையனுக்காகப் பழைய வீட்டை இடித்து மூன்று மாடி கட்டப்போவதாகவும், தை பிறப்பதற்குள் அவள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அஞ்சலாட்சி அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். பன்னிரண்டு நாற்றுகள் அன்று காலையில்தான் தட்டிலிருந்து மண்ணுக்கு மாறியிருந்தன. இன்னும் தலை தொங்கிக் கிடந்தன.

"இன்னா செடி?"

"காலிஃபிளவர்ணே."

கோவிந்தராசு சிரித்தார். "ஊட்டிக் குளுருல வர்றது இந்த உப்புக் காத்துல வருமா? உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. வரும்."

"தட்டுல இருக்கறப்பவே நான் வந்திருக்கணும்" என்றார் அவர். சிரிப்பு நின்றுவிட்டது. தட்டில் இருந்தால் அது நாற்று. மண்ணில் நட்டால் பயிர். நிற்கிற பயிர் அறுப்பாகும்வரை குத்தகைக்காரனை வெளியேற்றக் கூடாது என்பது அவர் வளர்ந்த ஊரில் கோர்ட்டுக்கும் முந்தின சட்டம். அவருடைய அப்பா ஒரு முறை அதை மீறினார், அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஊரில் யாரும் அவர் வீட்டு நடவுக்கு வரவில்லை.

அன்று மாலையே அஞ்சலாட்சியின் வாசற்படியில் சூடம் கொளுத்தி இருவரும் சத்தியம் செய்தார்கள். பூ முத்தி, அவள் கையால் அவளே அறுக்கிறவரை அந்த வீட்டில் கைவைப்பதில்லை என்று சொல்லிக் கோவிந்தராசு சூடத்தை அடித்து அணைத்தார். பூ முத்தின அன்றே அறுப்பேன், அறுத்தபின் என்னுடையது ஒன்றையும் விடாமல் எடுத்துக்கொண்டு வீட்டைக் காலி செய்து தருவேன் என்று சொல்லி அஞ்சலாட்சி அணைத்தாள். எண்பத்தைந்து நாள்தானே என்று அவர் நினைத்தார். அந்தக் காலத்தில் அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

பதினொரு செடிகளைக் கார்த்திகை மழையும் பச்சைப் புழுவும் பங்கிட்டுக்கொண்டன. ஒன்று நின்றது. அறுபதாம் நாள் அதன் நடுவில் சுண்டைக்காய் அளவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. வெயில் பட்டால் பூ மஞ்சளாகிவிடும் என்பதால் அஞ்சலாட்சி சுற்றி இருந்த இலைகளை மேலே கூட்டிப் பிடித்து, ஆலை நூலால், அவிழ்க்கத் தெரிந்தவர் மட்டும் அவிழ்க்கக்கூடிய ஆலை முடிச்சால் கட்டினாள். தினமும் விடியலில் அவிழ்த்துப் பார்ப்பாள், கட்டுவாள். எண்பத்தைந்தாம் நாள் கோவிந்தராசு வந்தார். பூ நெல்லிக்காய் அளவில் இருந்தது. குனிந்து பார்த்தவர், விவசாயி என்பதால் பொய் சொல்ல முடியாமல், "இன்னும் முத்தல" என்றார். அடுத்த பொங்கலுக்கு வந்தபோது எலுமிச்சை அளவில் இருந்தது. "முத்தல" என்றார். அதற்கடுத்த பொங்கலுக்கு சாத்துக்குடி.

பட்டினி போட்டு நிறுத்தி வைக்கிறாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அஞ்சலாட்சி பிடிவாதமாக இருந்தாள். தொழு உரம் போட்டாள், வேப்பம் புண்ணாக்கு போட்டாள், மீன் கழுவின தண்ணீரைப் புளிக்கவைத்து ஊற்றினாள். மண் அள்ளிவந்த அதே தூக்குவாளியால் காலையும் மாலையும் நீர் ஊற்றினாள். ஊர்ப் பெரிய பண்ணையில்கூட ஒரு செடிக்கு அத்தனை கவனிப்பு நடந்திருக்காது. செடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. இலைகள் முறம் அளவாகி, பிறகு பாய் அளவாகின. பூ மட்டும் அவசரப்படவில்லை.

முதல் கத்திரி வெயிலில்தான் அவளுக்குக் குளிர் தெரிந்தது. இலைக்கட்டை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டபோது விரல் மரத்தது. அடுத்த வருஷம் குளிர் பாத்தி முழுவதும் வந்தது. நாலாம் வருஷம் கொல்லைச் சுவர்வரை வந்து அங்கே நின்றது. சுவரின் இந்தப் பக்கம் மார்கழி, அந்தப் பக்கம் தீபலட்சுமி விசிறிக்கொண்டு சித்திரையில் தைத்தாள். மின்சாரம் போகிற நாட்களில் தெரு முழுவதும் பால் பாக்கெட்டையும் மல்லிகைச் சரத்தையும் இன்சுலின் மருந்தையும் கொண்டுவந்து செடியடியில் வைத்தது. எதிர்வீட்டு சொல்தா கிருஷ்ணசாமி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பெட்டியில் கிடந்த கம்பளிக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தினமும் பத்து மணிக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஊருக்குத் திரும்பி வந்ததுலேர்ந்து முப்பது வருஷமா வேர்த்துக்கினு இருந்தேன்" என்றார். அஞ்சலாட்சியைப் போலவே அவரும் பேசுகிறவர் இல்லை. இருவரும் ஒரு வார்த்தை இல்லாமல் காலை முழுவதும் உட்கார்ந்திருப்பார்கள். போகும்போது அவர், "மெர்சி மதாம்" என்பார். அவள், "நாளைக்கு வாங்க" என்பாள்.

செய்தி பரவி, விவசாயம் படித்த அதிகாரி ஆதிமூலம் வெப்பமானியோடு வந்தார். பாத்தியில் ஒன்பது டிகிரி காட்டியது. தெருவில் போய் நின்று பார்த்தார், முப்பத்தெட்டு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, சராசரி இருபத்து மூன்றரை, காலிஃபிளவருக்கு ஏற்றதே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சளி பிடித்துத் திரும்பினார். அதன்பிறகு அரசாங்கத்திடம் இது பற்றி வேறு சந்தேகம் இல்லை.

கொரோனா வந்தது, தெரு அடைபட்டது, திறந்தது. பூ இளநீர் அளவைத் தாண்டி, பூசணி அளவைத் தாண்டியது. கோவிந்தராசு முகக்கவசத்தோடு வந்து பார்த்து, "முத்தல" என்றார். அவருடைய தலை நரைத்தது. பையன் விக்ரமுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அப்பா அணைத்த சூடத்துக்கு நான் ஏன் வாடகை வீட்டில் இருக்க வேண்டும் என்று அவன் கேட்க ஆரம்பித்திருந்தான். ஒரு நாள் மத்தியானம், அஞ்சலாட்சி பேக்கரியில் இருந்த நேரத்தில், களைக்கொல்லி கேனோடு சுவர் ஏறி வந்து செடியின் தூரில் ஊற்றிவிட்டுப் போனான். தீபலட்சுமி வீட்டுத் துளசியும், பின்வீட்டு முருங்கையும், சந்தில் இருந்த புல்லும் மூன்று நாளில் கருகின. காலிஃபிளவரில் ஓர் இலையில் காலணா அளவு மஞ்சள் புள்ளி விழுந்தது.

கேள்விப்பட்டுக் கோவிந்தராசு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோள் துண்டை நனைத்து ஒவ்வோர் இலையாகக் கழுவினார். நாற்பத்திரண்டு இலை. முடிந்ததும் அஞ்சலாட்சி காப்பி கொடுத்தாள்.

"அவன் பண்ணது தப்புதான். ஆனா எனக்கும் வயசாவுது அஞ்சலாட்சி. நான் இருக்கறப்பவே அவனுக்கு ஒரு வீடு கட்டித் தரணும். உனக்குன்னு ஒரு சின்ன வீடு பாத்துத் தரேன். வில்லியனூர்ல. கொல்லையோட."

"கொல்லை இருக்கும்ணே. மண்ணு?"

"மண்ணு இல்லாத ஊரு எங்க இருக்குது?"

"இங்க இருந்துது. நான் வர்றப்ப" என்றாள். அவர் காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் ஊர் மிதந்தபோது கொல்லையிலும் தண்ணீர் ஏறியது. காலையில் அது செடியைச் சுற்றி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. தெருப் பிள்ளைகள் உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். சொல்தா கிருஷ்ணசாமி அதன்மேல் இரண்டு அடி நடந்து காட்டி, மூன்றாவது அடியில் விழுந்தார்.

புயலுக்குப் பின் வந்த பங்குனி முதல் நாள், விடியலில், அஞ்சலாட்சி முடிச்சை அவிழ்த்து இலைகளை ஒவ்வொன்றாக விலக்கியபோது பூ முத்தியிருந்தது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் அகலம். ஓரத்தில் ஒரு மொக்குக்கூடப் பிரியாமல், இடைவெளியே இல்லாமல், வெள்ளைக்கும் ஒரு படி மேலே இருந்தது. இன்று அறுக்காவிட்டால் நாளை பிரியத் தொடங்கும். பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

இலைகளை மறுபடி கட்டிவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். அன்று பேக்கரிக்குப் போகவில்லை. சொல்தா பத்து மணிக்கு வந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், நாற்காலியைச் சத்தமில்லாமல் மடித்துக்கொண்டு திரும்பிப் போனார். முடிச்சு அவளுடையது, அவளைத் தவிர யாருக்கும் அவிழ்க்கத் தெரியாது. கோவிந்தராசுவுக்குப் பார்வை மங்கிவிட்டது. முத்தல என்று அவளே சொன்னாலும் நம்பிவிடுவார். பூ பிரிந்து, மஞ்சளாகி, தண்டு விட்டு, கோயில் தேர் உயரத்துக்கு நிற்கும். தான் செத்தபின் வீட்டை அவர்கள் இடித்துக்கொள்ளட்டும். இப்படி எல்லாவற்றையும் யோசித்தாள். வெயில் சுவர் ஏறி உச்சிக்கு வந்தது. தன் வாழ்க்கையில் தான் போட்ட ஒரு முடிச்சும் நழுவியதில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. ஆலையில் மேஸ்திரிகள் அதைச் சொல்லித்தான் மற்றவர்களைத் திட்டுவார்கள். நாலு பேர் போ என்றதற்குப் பொய்யால் பதில் சொன்னால் அது பதிலாகாது. அவள் கண் ஆணியில் மாட்டியிருந்த தூக்குவாளியில் போய் நின்றது. அங்கேயே வெகுநேரம் நின்றது. பிறகு எழுந்து தீபலட்சுமியின் போனை வாங்கி அரியாங்குப்பத்துக்குப் பேசினாள்.

"அண்ணே, பூ முத்திடுச்சி. அறுக்கப்போறேன். வாங்க."

"நல்லாப் பாத்தியா?" என்று கேட்டார் கோவிந்தராசு. அவர் குரலில் சந்தோஷம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

அவரும் விக்ரமும் வந்தபின், தெருவே பார்க்க, அரிவாளால் தண்டில் ஏழு வெட்டு வெட்டி அவள் தன் கையால் அறுத்தாள். பழைய பேப்பர் கடைத் தராசில் எழுபத்தொரு கிலோ காட்டியது. அன்று முத்தியால்பேட்டையில் நாற்பது வீட்டில் பூ வெந்தது. பஜ்ஜி, கூட்டு, குருமா, மீன்குழம்பில்கூட. கோவிந்தராசு இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விக்ரம் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு என்று ஒரு டப்பா கட்டிக்கொண்டான். கை கழுவியதும் கேட்டான்.

"சாவி?"

"என்னுது ஒண்ணும் விடாம எடுத்துக்கினு காலி பண்ணித் தரேன்னுதான் சத்தியம்" என்றாள் அஞ்சலாட்சி. ஆணியிலிருந்து தூக்குவாளியை எடுத்தாள். பாத்தியில் குனிந்து ஒரு வாளி மண் அள்ளினாள், மூடினாள்.

"இன்னா பண்றீங்க?"

"காலி பண்றேன். வீடு உங்க வீடு. இந்த மண்ணு என்னுது. ஆலையிலேர்ந்து இந்தத் தூக்குவாளியில பதினோரு வருஷம் கொண்டாந்தேன். கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்."

விக்ரம் சிரித்தான். "டிப்பர் வச்சா அரை மணி நேரம். எங்க கொட்டணும்னு மட்டும் சொல்லுங்க."

"வந்த மாதிரிதான் போவும். ஒரு நாளைக்கு ஒரு வாளி."

விக்ரம் அப்பாவைப் பார்த்தான். கோவிந்தராசு பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் விதைநெல் இல்லாத வருஷங்களில் பக்கத்து வீட்டில் ஒரு மரக்கால் வாங்கி வருவார்கள். அறுப்பு முடிந்து திருப்பும்போது அதே மரக்காலைக் கேட்டு வாங்கித்தான் அளப்பார்கள். வேறு மரக்காலில் அளந்தால் கொடுத்ததாகக் கணக்கில்லை. அவர் அப்பாவே சூரியன் சாயும்வரை ஒரு மரக்காலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது உண்டு.

"எந்த மரக்கால்ல வாங்கனமோ அந்த மரக்கால்லதான் திருப்பணும்" என்றார். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. அஞ்சலாட்சியை நிமிர்ந்து பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

ஆலை வாசலில் அம்மாவாசை இன்னும் காவலில் இருந்தான். உள்ளே காக்க ஒன்றும் இல்லை என்றாலும் அவனைப் போ என்று சொல்ல யாரும் மிச்சமில்லாததால் இருந்தான். வாளியை வாங்கித் திறந்து பார்த்தான்.

"இன்னா இது?"

"மண்ணு."

"கொழம்பு நல்லா இல்லியா?" என்று கேட்டு, மூடியைப் போட்டு உள்ளே விட்டான். அவள் பட்டுப்போன வேப்பமரத்தின் அடியில் கொட்டிவிட்டு வந்தாள்.

அது ஒரு வருஷத்துக்கும் முந்திய கதை. வேலை நாளுக்கு ஒரு வாளி, ஆலைக்கு விடுமுறை இருந்த நாட்களில் விடுமுறை என்று அவள் கொண்டுபோகிறாள். பட்டுப்போன வேம்பு துளிர்த்திருக்கிறது. பாத்தியின் மட்டத்தைக் குறித்துவைக்க விக்ரம் சுவரில் பெயிண்டால் ஒரு கோடு போட்டான். மண் இன்றைக்கும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. குளிரும் இருக்கிறது. விக்ரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அரியாங்குப்பத்திலேயே மாமனார் இடத்தில் அஸ்திவாரம் போட்டுவிட்டான். சொல்தா பத்து மணிக்கு வருகிறார்.

போன மாதம் அஞ்சலாட்சிக்கு முட்டி வீங்கி இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. பார்க்க வந்த கோவிந்தராசு கொஞ்ச நேரம் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு வாளி போகவில்லை என்று அவள் சொன்னாள். அவர் ஆணியிலிருந்து தூக்குவாளியை எடுத்து, கொல்லைக்குப் போய், ஒரு வாளி அள்ளி மூடி, நாலு தெரு நடந்து ஆலை வாசலுக்குப் போனார். அம்மாவாசை திறந்து பார்த்து உள்ளே விட்டான். திரும்பி வந்து வாளியைக் கழுவிக் கவிழ்த்தார். பாத்தியில் தான் அள்ளிய இடத்தைக் குனிந்து பார்த்தார். பள்ளம் இல்லை. விரலால் தொட்டார், சில்லென்று இருந்தது.

"நாளைக்கும் நானே வரட்டுமா?"

"வாணாம்ணே. நாளைக்கு நான் எழுந்துடுவேன்" என்றாள் அஞ்சலாட்சி.

அவர் வாளியை ஆணியில் மாட்டிவிட்டு, அறுத்த செடியின் தூரடியில் தீபலட்சுமி வைத்திருந்த பால் பாக்கெட் கால் பட்டுச் சரிந்திருந்ததை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு, அரியாங்குப்பம் புறப்பட்டார்.